மச்சானின் ஆடாத கழுத்து

என் மனைவியின் அண்ணனுக்கு எண்பதுகளின் நடுவில் கழுத்தில் ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன்னால் ஊரில் அவருக்குப் பெயர் பூம்பூம் மாடு. நேருக்கு நேர் யாரும் சொன்னதில்லை என்றாலும் அவருக்கு அது தெரியும். ஒருநாள் டீக்கடையில் எவனோ குடித்துவிட்டு அதைச் சத்தமாகச் சொல்லி, சரிதானே என்று அவரிடமே கேட்டபோது அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தாராம்.

திருச்சுழிக்குக் கிழக்கே கரிசல் காட்டில் அவருக்கு நிலம் இருந்தது. பருத்தி போடுவார். மழை ஏமாற்றும் வருசம் கம்பும் சோளமும். ஒரு கிணறு, ஒரு ஜோடி மாடு, ஒரு வண்டி. இதெல்லாம் அவருடையது என்பது பேருக்குத்தான். விதைப்பு நேரத்தில் யார் வந்து மாடு கேட்டாலும் தலையை ஆட்டுவார். மாடு திரும்பி வருவதற்குள் அவருடைய நிலத்தில் ஈரம் காய்ந்துவிடும். பக்கத்துக் காட்டுக்காரன் வரப்பை ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டு, "இதுதான அளவு" என்று கேட்டான், அதற்கும் ஆட்டினார். மாதா கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்க ஆள் குறைந்தால் அவர் தோள்தான். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். "இவுக தலையக் கழட்டி அடுப்படியில வச்சுக்கிட்டு, ஒடம்ப மட்டும் வெளிய அனுப்ப ஏதும் வழியிருக்கா தம்பி?" என்று அக்கா என்னிடம் கேட்டிருக்கிறது. கேலியாகக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தத் தலையாட்டல்தான் அவரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டது. பந்தல்குடி ரோட்டோரத்தில் யாரோ லாரியில் பருத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவரை ஒரு கை கொடுக்கக் கூப்பிட்டார்கள். இவரும் ஆட்டிவிட்டுப் போனார். மேலே அடுக்கிய பொதி ஒன்று சரிந்து பிடரியில் விழுந்தது. கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி ஒரு சவ்வு உண்டு, டிஸ்க் என்கிறார்கள். அது பிதுங்கி நரம்பில் போய் உட்கார்ந்துவிட்டது. வலது கையால் வேட்டியைக் கட்ட முடியாமல் போயிற்று.

என் மனைவிக்கு ஒரு தங்கை. எனக்குக் கொழுந்தியா. மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் கன்னியாஸ்திரியாக இருந்தாள். கொழுந்தியா என்றால் கேலி பேசும் உரிமையுள்ள உறவு. அவள் வெள்ளை அங்கியைப் போட்ட அன்றைக்கு அந்த உரிமை என்னிடமிருந்து பறிபோனது. சிஸ்டர் என்று கைகூப்ப வேண்டியதாகிவிட்டது. அந்த வருத்தம் எனக்கு நெடுநாள் இருந்தது. அவள் முயற்சியில்தான் மச்சானுக்கு ஆபரேஷன் நடந்தது. கழுத்தை முன்பக்கமாகக் கீறி, பிதுங்கிய டிஸ்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இடுப்பெலும்பிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துண்டை வைத்து அடைத்தார்கள். போகப்போக மேலெலும்பும் கீழெலும்பும் அந்தத் துண்டோடு ஒட்டி ஒரே எலும்பாகிவிடும் என்றார்கள். சிஸ்டர் அண்ணன் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டாள். அடுத்த வருசம் அவளை ஜெர்மனியில் உள்ள அவர்களுடைய மடத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

மச்சான் கழுத்துப் பட்டையோடு ஊருக்கு வந்தார். சில மாதம் கழித்துப் பட்டையைக் கழற்றினார். கழுத்து அப்படியே நின்றது. யாராவது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் தலை திரும்பாது. முதலில் கால் திரும்பும், பிறகு இடுப்பு, கடைசியில் ஆள் முழுவதுமாக வந்து சேருவார். சந்துக்குள் மாட்டிக்கொண்ட லாரியைத் திருப்புகிற மாதிரி இருக்கும்.

அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. விதைப்புக்கு மாடு கேட்டு ஒருவன் வந்திருக்கிறான். மச்சான் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். அவன் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தும் தலை ஆடவில்லை. மச்சான் மெல்ல எழுந்து, முழு உடம்பையும் அவன் பக்கம் திருப்பி, அவனைப் பார்த்தார். அவ்வளவுதான். அவசரம் ஒன்றுமில்லை, பிறகு வருகிறேன் என்று அவன் போய்விட்டான். அந்த வருசம் மச்சானின் மாடு மச்சானின் நிலத்தையே உழுதது. அக்கா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியது.

கொஞ்சம் கொஞ்சமாக ஊர் அவரை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கியது. வரப்புத் தகராறு, பங்காளிச் சண்டை என்று பேச்சு நடக்கும்போது நடுவில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தார்கள். இடப்பக்கம் ஒருவன் கத்துவான், வலப்பக்கம் ஒருவன் கத்துவான். இவர் இரண்டு பக்கமும் பார்க்காமல் எதிரே இருக்கும் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்தப் பக்கமும் சாயாத மனுசன் என்று பெயர் வந்துவிட்டது. பங்குச் சாமியார் திருவிழாக் கமிட்டிக்கு அவரைத் தலைவராக்கினார். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரே முன் சீட்டை ஒழித்துக்கொடுத்தார்.

நான் மட்டும் விட்டுவைக்கவில்லை. மச்சானைக் கேலி செய்யாத மாப்பிள்ளை எதற்கு? அவருக்குப் பின்னால் போய் நின்று, "மச்சான்" என்பேன். அவர் சுற்றி வருவதற்குள் நானும் சுற்றி மறுபடி பின்னால் போய்விடுவேன். கல்யாண வீடுகளில் இதைப் பார்க்கவே சின்னப் பிள்ளைகள் கூடும். என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள். மச்சான் கோபப்பட்டதே இல்லை. பொறுமையாக மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, போதுமா மாப்ள என்று கேட்டுவிட்டு நேரே பார்த்து நடப்பார்.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருசம் போன பிறகு என் கழுத்துக்கு முறை வந்தது.

அருப்புக்கோட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் நான் மேனேஜராக இருந்தேன். மேனேஜர் என்றால் ஒரு மேசை, இரண்டு போன். ஒரு போனைக் கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, தூத்துக்குடிக்கு என்ன லோடு, வரும்போது என்ன லோடு என்று கேட்டபடியே கை எழுதிக்கொண்டிருக்கும். இன்னொரு போன் அலறிக்கொண்டிருக்கும். வருசக்கணக்காக இதே வேலை. இதனால்தான் வந்ததா, வயசால் வந்ததா என்று எந்த டாக்டரும் திட்டமாகச் சொல்லவில்லை. நான் போனைத்தான் குற்றம் சொல்வேன். பிடரியில் தொடங்கிய வலி தோள்பட்டையில் இறங்கி, இடது கை வழியே ஓடிக் கட்டைவிரலில் போய் நின்றது. பிறகு விரல் மரத்தது. ஒருநாள் டீ கிளாஸ் கையிலிருந்து தானாகவே நழுவி, எதிரே உட்கார்ந்திருந்த முதலாளியின் வெள்ளை வேட்டியில் கவிழ்ந்தது. முதலாளி தானே கார் வைத்து என்னை டாக்டரிடம் அனுப்பிவைத்தார். சூடு அப்படி.

முதலில் பட்டை போட்டார்கள். பிறகு கழுத்தை இழுத்துவிட வேண்டும் என்று ஒரு சாமான் கொடுத்தார்கள். தாடைக்குக் கீழே மாட்டிக்கொள்ள ஒரு தோல் வார். அதிலிருந்து ஒரு கயிறு, கதவு நிலைக்கு மேலே அடித்த கப்பி வழியாகப் போய் மறுபக்கம் இறங்கும். அந்த முனையில் மணல் பை. நான் நாற்காலியில் உட்கார்ந்து அதை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். பக்கத்து வீட்டில் தறி போடுகிற அம்மா ஒருநாள் வாங்கிப்போன சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்தது. நிலையிலிருந்து கயிறு தொங்குவதையும், அதில் என் தலை மாட்டியிருப்பதையும், கண் மூடியிருப்பதையும் பார்த்தது. நாற்காலியைப் பார்க்கவில்லை. சல்லடையைப் போட்டுவிட்டுத் தெருவில் ஓடியது. தறிச் சத்தம் வீடு வீடாக நின்றதை நான் உள்ளேயிருந்து கேட்டேன். தாடையில் வார் இருந்ததால் வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் முதலாளியே துக்க வீட்டுக்கு வருகிற முகத்தோடு வந்து சேர்ந்தார். நான் டீ குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அவருக்கு ஏனோ ஏமாற்றம் மாதிரி இருந்தது. இந்த முறை தள்ளி உட்கார்ந்தார்.

கயிற்றுக்கும் வலி கேட்கவில்லை. மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் இளவயசுக்காரர். மச்சானுக்குச் செய்தவர் ஓய்வுபெற்று எங்கோ போயிருந்தார். இவர் படத்தை வெளிச்சப் பெட்டியில் வைத்துக் காட்டி, டிஸ்க் நரம்பை அழுத்துகிறது, விரலில் பலம் குறைகிறது, இதை நாள்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது என்றார். முன்பக்கம் கீறல், இடுப்பெலும்புத் துண்டு, ஒட்டவைப்பது. எல்லாம் அதே கதை. அவர் சொல்லச் சொல்ல என் கண்ணுக்கு முன்னால் மச்சான் சுற்றிக்கொண்டிருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மச்சான் வந்து இறங்கினார். இத்தனை வருசக் கேலிக்கு இன்று வட்டியோடு வாங்கிக்கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்தேன். அவர் எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, நேராக உட்கார்ந்து, மிகுந்த அக்கறையோடு சொன்னார்.

"மாப்ள, இந்த ஒட்டுப்போடுற ஆபரேஷன் மட்டும் ஒங்களுக்கு வேண்டாம். என்னையப் பாருங்க. நீங்க நாலு பக்கமும் திரும்பிப் பேசுற ஆளு."

ஜெர்மனியில் சிஸ்டர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் செயற்கை டிஸ்க் என்று ஒன்று வைக்கிறார்களாம். இரண்டு பக்கமும் உலோகத் தகடு, நடுவில் கெட்டியான பிளாஸ்டிக். எலும்பு ஒட்டாது, அசைந்துகொண்டே இருக்கும். முதுகுக்கு வைக்கிறார்கள், கழுத்துக்கும் வந்துகொண்டிருக்கிறது. போன தடவை லீவில் வந்தபோது அவள் சொன்னதை மச்சான் ஒரு வார்த்தை விடாமல் மனசில் வைத்திருந்தார். எனக்கு வேண்டுமானால் பருத்தியை விற்றாவது ஜெர்மனிக்கு அனுப்பிவைப்பதாகச் சொன்னார். நான் கலங்கிப்போனேன். இப்படிப்பட்ட மனுசனையா சுற்றவிட்டு வேடிக்கை பார்த்தோம் என்று இருந்தது.

என் மனைவி கலங்கவில்லை. அவர் பல் தேய்க்கப் போனதும், "அண்ணன் தானா முன்வந்து ஒரு காரியம் செஞ்சு நான் பாத்ததே இல்லங்க. இதுல என்னமோ இருக்கு" என்றாள். அண்ணன் பாசத்தைச் சந்தேகப்படுகிறாளே என்று நான் அவளைக் கடிந்துகொண்டேன்.

மறுபடி மதுரைக்குப் போனோம். மச்சானும் கூட வந்தார். ஆனால் டாக்டர் அறைக்குள் வரமாட்டேன் என்று வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் செயற்கை டிஸ்கைப் பற்றிக் கேட்டதும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கும் அதில் ஆசை இருந்தது போல. யோசனை நல்ல யோசனைதான் என்றார். ஓரிடத்தில் எலும்பை ஒட்டிவிட்டால் அதற்கு மேலேயும் கீழேயும் இருக்கிற டிஸ்குகள் கொஞ்சம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். அசைகிற மூட்டாக ஒன்றை வைத்தால் அந்தப் பாரம் குறையும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆனால் கழுத்துக்கு அது வெளிநாட்டிலேயே ஒன்றிரண்டு இடத்தில்தான் சோதனையாக நடக்கிறது. எத்தனை வருசம் உழைக்கும், தேயுமா, இடம்விட்டு நகருமா, யாருக்கும் தெரியாது. முன்னால் உணவுக்குழாய், பின்னால் தண்டுவடம். நகர்ந்தால் விளையாட்டில்லை.

"இங்க வந்தா நானே போடுவேன். ஆனா அது வர்ற வரைக்கும் ஒங்க கட்டைவிரல் காத்திருக்காது" என்றார்.

பிறகு இன்னொன்றும் சொன்னார். ஒரே இடத்தில் ஒட்டினால் கழுத்து திரும்புவதில் பெரிய குறை தெரியாது. தலையைத் திருப்புகிற வேலையில் பாதியை மேலே மண்டைக்கு அடியில் இருக்கிற முதல் இரண்டு எலும்புகளே செய்துவிடுகின்றன. நான் பணிவாகக் கேட்டுக்கொண்டேன், நம்பவில்லை. டாக்டர்கள் நோயாளிக்குத் தைரியம் சொல்வது வழக்கம். நிலைமை என்ன என்பதற்குச் சாட்சி வெளியே பெஞ்சில் நேராக உட்கார்ந்திருந்தது.

சிஸ்டரிடமே கேட்டுவிடுவோம் என்று அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த போன் பூத்துக்குப் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு ஆள்தான் நிற்கலாம். மச்சான் முதலில் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். என்ன பேசினார் என்று வெளியே கேட்கவில்லை. அவர் முகம் மட்டும் தெரிந்தது. தொடங்கும்போது உற்சாகமாக இருந்தது. பிறகு பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் வசவு வாங்குகிற முகமாக மாறியது. நான் கதவைத் தட்டி, போனைக் கொடுங்கள் என்று சைகை காட்டுவதற்குள் வைத்துவிட்டார். லைன் கட்டாகிவிட்டது என்றார். என்ன சொன்னாள் என்று கேட்டதற்கு, கொஞ்சம் பொறுத்தால் அந்த டிஸ்கே வந்துவிடும், பொறுக்கச் சொல்கிறாள் என்றார்.

என் மனைவி அதை நம்பவில்லை. மறுநாள் தனியாகப் போய் போன் போட்டுவிட்டு வந்தாள். உடனே ஆபரேஷன் செய்யச் சொல்கிறாள், அண்ணன் பேச்சைக் கேட்க வேண்டாம் என்கிறாள் என்றாள். இதைச் சொல்லிவிட்டு, ஒரு குழப்பத்தோடு, "அவ எதுக்கோ விழுந்து விழுந்து சிரிக்கா. போன்ல எவ்வளவு காசு ஓடுது, சிரிச்சுக்கிட்டே இருக்கா" என்றாள்.

இரண்டு பெண்கள் முடிவு செய்த பிறகு நான் என்ன செய்ய? ஆபரேஷன் நடந்தது. கண் விழித்தபோது கையில் வலி இல்லை. அத்தனை மாதம் கூடவே இருந்த வலி சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தது. தொண்டையில் முள் மாட்டியது போல் இருந்தது. குரல் சேவல் குஞ்சு கூவப் பழகுவது போல் வந்தது. கழுத்தை விட இடுப்புதான் கொன்றது, எலும்பு எடுத்த இடம். இடுப்புதான் வலிக்கும் என்று மச்சான் முன்பே சொல்லியிருந்தார். இந்த விஷயம் முழுவதிலும் அவர் எனக்குச் சொன்ன ஒரே உண்மை அதுதான் என்பது பிறகு தெரிந்தது.

பட்டை போட்டிருந்த மாதங்களில் நான் என் வருங்காலத்துக்குத் தயாரானேன். முழு உடம்போடு திரும்பிப் பழகினேன். கண்ணாடி முன் நின்று, நேரே பார்த்துக்கொண்டே கௌரவமாக இருப்பது எப்படி என்று பார்த்தேன். மச்சானுக்கு இருக்கிற களை எனக்கு வரவில்லை. திருடனைப் பிடித்து போலீஸ்காரர் நிற்கவைத்தது போல் இருந்தது.

டாக்டர் பட்டையைக் கழற்றி, மெல்லத் திருப்புங்கள் என்றார். பயந்து பயந்து இடப்பக்கம் திருப்பினேன். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் தெரிந்தது. வலப்பக்கம் திருப்பினேன். என் மனைவி தெரிந்தாள், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு. அண்ணாந்து பார்க்கும்போது கொஞ்சம் இறுக்கம். மற்றபடி பழைய கழுத்துதான். நான் தான் சொன்னேனே என்பது போல் டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மச்சானுக்கு முதல் ஆளாகச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே அவர் ஊருக்குப் போனோம். நான் திரும்பிக் காட்டினேன். அவர் சந்தோஷப்படவில்லை. வெளியே யாரும் நிற்கிறார்களா என்று பார்க்கச் சொல்லி அக்காவை அனுப்பினார். பிறகு என்னிடம், ரொம்பத் திருப்ப வேண்டாம், உள்ளே வைத்த துண்டு கழன்றுவிடும், கொஞ்ச வருசம் நேராகவே வைத்திருப்பது நல்லது என்றார். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் அருப்புக்கோட்டைக்கு வந்து இதையே சொல்லிவிட்டுப் போனார். ஒருநாள் என் மனைவி பொறுக்காமல் கேட்டாள். "ஏண்ணே, இவுக திரும்புனா ஒங்களுக்கு எங்க வலிக்குது?"

அடுத்தது அவர் செய்ததுதான் பெரிய வேலை. எனக்கு வைத்தது ஜெர்மன் டிஸ்க், தங்கச்சி மூலமாக ரகசியமாக வரவழைத்தது என்று திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டை வரை பரப்பிவிட்டார். எனக்கு இது தெரியாது. புக்கிங் ஆபீஸுக்கு வருகிற ஆட்கள் என் கழுத்தையே பார்த்தார்கள். ஒருவர் காதைக் கொண்டுவந்து வைத்து, திருப்புங்கள் சத்தம் வருகிறதா பார்ப்போம் என்றார். காந்தம் பக்கம் போகலாமா என்று இன்னொருவர். தூத்துக்குடி லாரி டிரைவர் ஒருவர் வெகு நேரம் யோசித்துவிட்டு, "அண்ணாச்சி, அதுக்கு எத்தன நாளைக்கு ஒருக்கா கிரீஸ் அடிக்கணும்?" என்று கேட்டார். விஷயம் தெரிந்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. மறுக்கவும் மனசில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை விளக்கெண்ணெய் என்று சொல்லிவைத்தேன். ஆனால் மச்சான் ஏன் இப்படிச் செய்கிறார் என்பது மட்டும் பிடிபடவில்லை.

தைப் பொங்கலை ஒட்டி சிஸ்டர் லீவில் வந்தாள். எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவள், அத்தான் திரும்புங்க என்றாள். திரும்பினேன். நர்ஸ் கண்ணோடு பார்த்துவிட்டு, நல்லா இருக்கு என்றாள். எனக்கு நன்றாக இருக்கிறது, உன் அண்ணனுக்கு எத்தனை எலும்பை ஒட்டினார்களோ பாவம் என்றேன். அவள் கிழங்கைக் கீழே வைத்தாள்.

"ஒங்களுக்குப் பண்ணுன அதே எடத்துல, அதே ஒண்ணுதான் அத்தான். நான் பக்கத்துலயே இருந்தேன்ல."

எனக்குப் புரிய நேரமானது. என் மனைவிக்கு உடனே புரிந்தது. அவள் சிரிக்கத் தொடங்கியதும் சிஸ்டரும் சேர்ந்துகொண்டாள். பிறகு சிஸ்டர் எல்லாவற்றையும் சொன்னாள். ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது மச்சான் அழுதிருக்கிறார். வலிக்காக இல்லை. ஊருக்குப் போனால் மறுபடி எல்லாரும் மாடு கேட்பார்கள், வண்டி கேட்பார்கள், தன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாது என்று. மூன்று மாதம் தலையை ஆட்டக் கூடாது என்று டாக்டர் அன்றைக்குக் காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "மூணு மாசத்துக்குன்னு ஏன் சொல்லணும், காலத்துக்கும் ஆடாதுன்னு சொல்லிருங்கண்ணே, யாரு கழுத்த அளந்து பாக்கப் போறா" என்று அங்கி போட்ட இந்த நர்ஸ்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

ஒரு கன்னியாஸ்திரி இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். ஜெர்மனிக்குப் போனதும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டாளாம். அப்போது அவளுக்கு அந்தப் பாஷை அரைகுறை. அந்தச் சாமியாருக்கு என்ன புரிந்ததோ, வீட்டில் கழுத்து ஒடிந்த மாடு ஏதோ இருக்கிறது என்று நினைத்து அதற்காக வேண்டிக்கொள்வதாகச் சொன்னாராம்.

செயற்கை டிஸ்க்மேல் மச்சானுக்கு வந்த ஆசையும் அப்போதுதான் விளங்கியது. அவருக்குச் செய்த அதே ஆபரேஷனை எனக்கும் செய்து, நான் நாலு பக்கமும் திரும்பினால் அவர் கதை என்னாவது? எனக்கு வெளிநாட்டுச் சாமானை வைத்துவிட்டால் அது வேறு, இது வேறு. பூத்தில் அவர் கெஞ்சியதும், சிஸ்டர் திட்டியதும் இதற்குத்தான்.

எனக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது என்றே சொல்ல வேண்டும். எத்தனை கல்யாண வீட்டில் அவரைச் சுற்றவிட்டிருக்கிறேன். அத்தனை தடவையும் அவர்தான் என்னைச் சுற்றவிட்டிருக்கிறார்.

மறுநாள் அவருடைய காட்டுக்குப் போனேன். கிணற்றடியில் மோட்டார் ரூம் சுவரோரம் உட்கார்ந்து செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பேச்சை வளர்க்கவில்லை. சிஸ்டர் எல்லாம் சொல்லிவிட்டாள் என்று மட்டும் சொன்னேன்.

மச்சான் கண்ணை மட்டும் ஓட்டிப் பாதையைப் பார்த்தார். ஆள் யாரும் வரவில்லை. பிறகு தோளை அசைக்காமல், தலையை மட்டும் என் பக்கம் திருப்பிப் பார்த்தார். வெகு லேசாகத் திரும்பியது. எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. சிலை திரும்பின மாதிரி.

"வீட்டுல தெரியும். ராத்திரி கதவச் சாத்துனதுக்கப்புறம் நல்லாத்தான் திருப்பிக்குவேன்" என்றார். கொஞ்சம் கழித்துச் சொன்னார். "மாப்ள, எனக்கு வாயில மாட்டேன்னு வராது. சின்னதுலருந்தே வராது. இப்ப நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. சும்மா இருந்தாப் போதும். என் காட்டுல எனக்கு வெளையுது."

அவர் குரலில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. மழை அளவு சொல்வது போலச் சொன்னார். எனக்கு வந்த ரோசம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பிறகு அவர், நான் பின்னால் போய் ஒளியும்போதெல்லாம் எந்தப் பக்கம் ஒளிகிறேன் என்று ஓரக்கண்ணால் பார்த்து, வேண்டுமென்றே மறுபக்கமாகச் சுற்றியதைச் சொன்னார். பிள்ளைகள் சிரிக்கிறார்களே என்றுதானாம். இருவரும் கிணற்றுக்குள் சத்தம் எதிரொலிக்கச் சிரித்தோம். வரப்பில் சைக்கிள் சத்தம் கேட்டதும் அவர் தலை நேரே போய் நின்றுகொண்டது.

அடுத்த வருசம் எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மச்சானைத் தேடி வந்தார். அவருக்கும் கழுத்து, அவருக்கும் மதுரையில் ஆபரேஷன் சொல்லியிருந்தார்கள். பயந்துபோயிருந்தார். மச்சான் அவரைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு என் ஆபீஸுக்கே வந்துவிட்டார். "நான் பழைய மாடல், மாப்பிள்ளகிட்டக் கேளுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு என் எதிரே தூண் மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

மரத்த விரலோடு வந்திருக்கிற ஆளிடம் ஜெர்மன் கதையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எனக்கு வைத்தது இடுப்பெலும்புதான், வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் இல்லை என்று சொல்லி, நாலு பக்கமும் திரும்பிக் காட்டினேன். இடுப்பு வலிக்கும், குரல் கொஞ்ச நாள் கெடும், விரலில் பலம் போவதற்குள் செய்துகொள்ளுங்கள் என்று எல்லாம் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். வாத்தியார் அல்லவா, கடைசியில் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே ஆபரேஷன்னா, ஒங்களுக்குத் திரும்புது. இவுகளுக்கு ஏன் திரும்பல?"

மச்சான் சுவரில் இருந்த ரோடு மேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் இமை கூட அசையவில்லை.

"இவுகளுக்கு ஒட்டுனது கொஞ்சம் கூடுதலா ஒட்டிக்கிருச்சு" என்றேன். "அபூர்வமா அப்படி அமையுமாம். எல்லாருக்கும் அமையாது."

வாத்தியார் மரியாதையோடு மச்சானைப் பார்த்துக் கும்பிட்டார். அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் மச்சான் ஆபீஸ் கதவைச் சாத்தச் சொல்லி, மேசையில் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

கோடை லீவில் வாத்தியார் ஆபரேஷன் செய்துகொண்டார். நன்றாக ஆகிவிட்டது. கையில் சாக்பீஸ் நிற்கிறது, கழுத்தும் திரும்புகிறது என்று சொல்லிவிட்டுப் போக ஒருநாள் ஆபீஸுக்கு வந்தார். அவர் வகுப்பில் ஜன்னலோர பெஞ்சுப் பிள்ளைகளுக்குத்தான் வருத்தமாம். முந்தின வருசம் முழுக்க அந்தப் பக்கம் அவரால் பார்க்க முடியாது என்று தெரிந்து, பாட நேரத்தில் புளியங்கொட்டை வைத்து ஒத்தையா ரெட்டையா விளையாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு வகுப்புக்குப் போன முதல் நாள் இவர் கரும்பலகையில் எழுதியபடியே தலையை மட்டும் திருப்பிப் பார்த்ததில், ஒரு கை நிறைய கொட்டை தரையில் உருண்டு ஓடியதாம்.